பாய்வள்ளை: அடையாற்றுக்கு ஒரு கற்பனை மிதவைச் செடி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாய்வள்ளை உண்மையிலேயே இருக்கும் செடியா?

இல்லை, அது முழுக்கக் கற்பனை. அடையாற்றிலோ கூவத்திலோ கொசஸ்தலையாற்றிலோ தேடினால் கிடைக்காது. ஆனால் இந்தக் கற்பனைக்கு இரண்டு கடுமையான விதிகளை வைத்துக்கொண்டேன். உண்மையான ஏதேனும் ஒரு செடியில் ஏற்கெனவே காணப்படாத எந்தத் திறனையும் பாய்வள்ளைக்குத் தரக் கூடாது என்பது முதல் விதி. அதன் பரிணாமத்தில் வரும் ஒவ்வொரு மாற்றமும் அது தோன்றிய காலத்திலேயே அந்தச் செடிக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. பின்னாளில் உதவும் என்று இயற்கைத் தேர்வு எதையும் எடுத்து வைப்பதில்லை. இந்த இரண்டு விதிகளுக்கும் உட்பட்டுச் சிந்தித்தால், இல்லாத ஒரு செடியின் வழியாக நம் ஊர் ஆற்றைப் பற்றி நிறையவே தெரிந்துகொள்ள முடிகிறது. கீழே உண்மையான செடிகளைக் குறிப்பிடும்போதெல்லாம் அவற்றின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பாய்வள்ளை என்ற பெயரில் சொல்லப்படுவது மட்டுமே கற்பனை.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

தண்டு விரல் தடிமனில், உள்ளே குழலாக இருக்கும். கணுவுக்குக் கணு குறுக்குச் சுவர் உண்டு. ஒவ்வொரு கணுவிலும் கீழே மெல்லிய வேர்க்கற்றையும் மேலே நெருக்கமான இலைகளும் இருக்கும். இலை உள்ளங்கையைவிடப் பெரியது, தடித்தது, நுனியில் இரண்டாகப் பிளந்தது. காலையில் நீர்மேல் படிந்து கிடக்கும் அது, வெயில் ஏற ஏற எழுந்து நண்பகலில் செங்குத்தாக நிற்கும். பூ ஊதாவும் வெள்ளையும் கலந்த புனல் வடிவம். விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். எங்கே கிள்ளினாலும் பால் வரும்.

குளத்தில் மிதக்கும் செடிகள் ஏராளமாக இருக்க, ஆற்றில் மிதப்பதில் என்ன சிறப்பு?

குளத்தில் மிதப்பது எளிது, ஆற்றில் மிதப்பது ஆபத்து. குளத்தில் காற்று ஒரு செடியை எந்தக் கரைக்குத் தள்ளினாலும் அது குளத்துக்குள்தான் இருக்கும். ஆற்றிலோ நீர் ஒரே திசையில் ஓடுகிறது. வேர் ஊன்றாத எதுவும் இன்றோ நாளையோ கடலுக்குப் போய்ச் சேரும். அப்படியானால் ஆற்றில் வாழும் உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கீழே இழுத்துச் செல்லப்பட்டும் மேற்பகுதி ஏன் காலியாகிவிடவில்லை? இந்தக் கேள்வியை 1954இல் கார்ல் முல்லர் என்ற ஆய்வாளர் சுவீடன் நாட்டு ஓடைகளில் வாழும் பூச்சிகளை வைத்து எழுப்பினார். இறக்கை முளைத்த பூச்சிகள் மேல்நோக்கிப் பறந்து சென்று முட்டையிடுகின்றன என்பது அவர் தந்த விடை. செடிக்கு இறக்கை இல்லை. ஆகவே, மிதந்தபடியே ஆற்றில் நிலைத்திருக்க வேண்டிய செடி, மேலே திரும்பி வருவதற்கோ வெள்ளத்தில் இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள்வதற்கோ ஒரு வழியைக் கொண்டிருக்க வேண்டும்.

பிடித்துக்கொள்ளும் வழியை அதன் கடைசி எல்லை வரை கொண்டு சென்ற செடிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இருக்கின்றன. போடோஸ்டெமேசியே குடும்பத்தைச் சேர்ந்த அவை பாறையோடு பாறையாக ஒட்டி வாழ்பவை. ஆனால் அவை மிதப்பதில்லை. பாய்வள்ளை ஆண்டின் ஒரு பகுதியில் மேலேறும், மற்றொரு பகுதியில் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு அடையாறுதான் வேண்டுமா? காவிரியோ கங்கையோ ஆகாதா?

ஆகாது. பாய்வள்ளையை உருவாக்கியதே அடையாறு போன்ற ஆறுகளின் இயல்புதான். ஆதனூர் ஏரிப் பகுதியில் தொடங்கி, வழியில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிப் பட்டினப்பாக்கம் அருகே வங்கக் கடலில் கலக்கும் சிறிய ஆறு இது. சென்னையின் ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. எனவே அந்த மூன்று மாதங்கள்தான் அது முழு ஆறு. மற்ற மாதங்களில் நீரோட்டம் மிகவும் குறைந்து, முகத்துவாரத்தில் மணல் திட்டு மூடி, நீண்டு கிடக்கும் ஒரு குட்டையைப் போலவே ஆகிவிடுகிறது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட ஆறும், மே மாதத்தில் சைதாப்பேட்டைப் பாலத்தடியில் அசையாமல் கிடக்கும் ஆறும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. அடையாறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. கடற்காற்று மேற்கு நோக்கி வீசுகிறது. ஆறும் காற்றும் எதிரெதிராக இருப்பதும், ஆறு அடங்கிக் கிடக்கும் மாதங்களில் கடற்காற்று பெரும்பாலான நாள்களில் வீசுவதும் சேர்ந்ததுதான் இந்தச் செடிக்குக் கிடைத்த வாய்ப்பு.

அதன் முன்னோர் எந்தச் செடி?

ஐபோமியா பேரினத்தைத் தேர்ந்தெடுத்தேன். சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை, அடும்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு எல்லாம் இந்தப் பேரினம்தான். வள்ளைக்கீரை நன்னீர்க் கரையில் வேரூன்றி, குழல் தண்டை நீர்மேல் நீட்டி மிதக்கவிடும். அடும்பு கடற்கரை மணலில் படரும், உப்பைத் தாங்கும், அதன் விதைகள் கடல்நீரில் மிதந்தே உலகின் வெப்ப மண்டலக் கரைகளுக்கெல்லாம் பரவியிருக்கின்றன. மருத நிலத்து வள்ளையும் நெய்தல் நிலத்து அடும்பும் சங்கப் பாடல்களிலேயே தனித்தனி நிலங்களுக்கு உரியவையாக நிற்கின்றன. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இந்த இரண்டு நிலங்களும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் வாழ்ந்த, வள்ளைக்கீரையை ஒத்த ஒரு கரைக்கொடியே பாய்வள்ளையின் முன்னோர் என்று கொள்கிறேன்.

நெய்வேலிக் காட்டாமணக்கு இந்தக் கதையில் சேராது. அது அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து பிற்காலத்தில் இங்கு வந்து நம் ஏரிக்கரைகளை அடைத்துக்கொண்ட செடி.

கரைக்கொடி மிதக்கும் கொடியாக மாறியது எப்படி?

கடையில் வாங்கிய வள்ளைக்கீரைத் தண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெற்றுக் குழல். அதைச் சுற்றியுள்ள சதையிலும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நுண்ணிய காற்றுத் துளைகள் தெரியும். கணுவில் வெட்டினால் அங்கே குறுக்குச் சுவர் இருக்கும். அதனால் தண்டின் ஓரிடம் கிழிந்து நீர் புகுந்தாலும் அடுத்த கணுவிடைக்கு நீர் போகாது, கொடி மூழ்காது.

இத்தகைய காற்றறைகள் முதலில் மிதப்பதற்காகத் தோன்றியவை அல்ல. நீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. வெள்ளத்தில் மூழ்கிய வேருக்கு ஆக்சிஜன் வந்து சேர்வதில்லை. செடியே உண்டாக்கும் எத்திலீன் வாயுவும் வெளியேற வழியில்லாமல் வேருக்குள்ளேயே தேங்குகிறது. அந்தத் தேக்கமே ஒரு சமிக்ஞையாகி, வேரின் புறணிப் பகுதியில் உள்ள சில செல்கள் தாமாகவே மடிகின்றன. அவை விட்டுச் சென்ற வெற்றிடங்கள் வழியாக இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்குகிறது. மக்காச்சோளம் போன்ற நிலத்துச் செடிகளில்கூட நீர் தேங்கினால் இது நடக்கிறது. நெல்லில் நீர் தேங்காமலேயே ஓரளவு இருக்கிறது. ஆக, காற்றறைகள் முதலில் மூச்சுவிட உதவின; உடல் லேசானது கூடவே வந்த விளைவு.

நீர் தேங்கும்போது மட்டும் தோன்றிய இந்தப் பண்பு எப்போதும் இருக்கும் பண்பாக எப்படி ஆனது என்று அடுத்துக் கேட்கலாம். கான்ராட் வாடிங்டன் 1953இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவுகிறது. பழ ஈக்களின் கூட்டுப்புழுக்களுக்கு அவர் வெப்ப அதிர்ச்சி கொடுத்தார். சிலவற்றின் இறக்கையில் குறுக்கு நரம்பு தோன்றவில்லை. அத்தகைய ஈக்களை மட்டும் பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யவைத்தபோது, வெப்ப அதிர்ச்சியே இல்லாமலும் அந்தக் குறை தோன்றத் தொடங்கியது. சூழல் தூண்டினால் மட்டும் வெளிப்பட்ட ஒன்று, தொடர்ந்த தேர்வினால், தூண்டல் இல்லாமலும் வெளிப்படும் மரபுப் பண்பாக மாறிவிடும். ஆண்டுதோறும் வெள்ளம் வரும் கரையில், முன்கூட்டியே காற்றறைகளோடு வளர்ந்த கொடிகள் மற்றவற்றைவிட அதிகம் பிழைத்தன. பாய்வள்ளையின் தண்டு அப்படித்தான் நிரந்தரமாகக் குழலானது.

மண்ணை முற்றிலும் விட்டுவிடுவதில் என்ன லாபம்?

நீர்மட்டம் அதிகம் ஏறி இறங்கும் இடத்தில் வேரூன்றிய செடி ஒருமுறை மூழ்கும், ஒருமுறை காயும். மிதக்கும் செடியோ நீரோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆகாயத்தாமரையின் தாயகமான அமேசானில், மனாஸ் நகரை ஒட்டிய வெள்ளச் சமவெளிகளில், ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் வரை நீர்மட்டம் மாறுகிறது. மிதவைச் செடிகள் அங்கே செழிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

நிலத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து தனியே மிதக்கும் செடி தோன்றுமா என்று ஐயப்படுபவர்கள் கீழாநெல்லியை நினைத்துப் பார்க்கலாம். அதே பில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த பில்லாந்தஸ் புளூயிட்டன்ஸ் என்ற சிறு செடி, தென் அமெரிக்க நீர்நிலைகளில் மண்ணையே தொடாமல் மிதந்து வாழ்கிறது. தாவர உலகில் மிதக்கும் வாழ்வு ஒரே ஒருமுறை தோன்றியதல்ல. அசோலா, சால்வினியா போன்ற பெரணிகளிலும், ஆகாயத்தாமரையின் குடும்பத்திலும், சேம்பின் குடும்பத்திலும், கீழாநெல்லியின் உறவிலும் தனித்தனியாகவே தோன்றியிருக்கிறது. எனவே ஐபோமியாவில் அது தோன்றியதாகக் கற்பனை செய்வது வரம்பு மீறியதாகாது.

ஆற்றை எதிர்த்து மேலேறுவது எப்படிச் சாத்தியம்?

இந்தக் கற்பனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மே மாதப் பிற்பகல் ஒன்றில் கோட்டூர்புரம் பாலத்தின் மேல் நின்று ஆகாயத்தாமரைக் கூட்டத்தைக் கவனித்தால், கடற்காற்று இறங்கியதும் அதன் ஓரத்திலிருந்து பிய்ந்த தனிச் செடிகள் கடலை நோக்கிப் போகாமல் சைதாப்பேட்டைப் பக்கமாக மெல்ல நகர்வது தெரியும். உயரமான செடிகள் முந்துகின்றன. நீரோடு ஒட்டிக் கிடக்கும் சிறியவை பின்தங்குகின்றன. சில செடிகள் நகரும்போது சற்றே சாய்ந்து, பின்பக்க இலைகளை நீரில் தோய்த்துக்கொண்டு போகின்றன. பாய்மரப் படகுக்குப் பாய் போல, செடிக்கு இலையே பாய் என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை.

இதற்கான கணக்கு எளியது. காற்று இலையைத் தள்ளும் விசையும் நீர் வேரை இழுத்துப் பிடிக்கும் விசையும் முறையே காற்றின் அடர்த்தியையும் நீரின் அடர்த்தியையும், தொடும் பரப்பையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தவை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 830 மடங்கு அடர்த்தியானது. அதன் வர்க்கமூலம் சுமார் 29. எனவே நீருக்கு மேலே உள்ள பரப்பும் கீழே உள்ள பரப்பும் சமமாக இருந்தால், அசையாத நீரில் செடி காற்றின் வேகத்தில் 30இல் ஒரு பங்கு வேகத்தில் நகரும். விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் கடற்காற்றில் அது விநாடிக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். மணிக்கு 600 மீட்டர். நீருக்குக் கீழே உள்ள பரப்பு நான்கு மடங்கானால் வேகம் பாதியாகக் குறையும். ஆகவே, நீண்ட வேரும் குட்டை இலையும் கொண்ட செடி நீர் போகும் திசையில் போகும். குட்டை வேரும் உயர்ந்த இலையும் கொண்ட செடி காற்று போகும் திசையில் போகும்.

வேரின் நீளத்தை நீரே தீர்மானிக்கிறது. சத்து குறைந்த நீரில் ஆகாயத்தாமரையின் வேர் நீளும். சத்து மிகுந்த நீரில் குறுகும். கோடையில் தேங்கிய நீரில் சத்து செறிவாக இருப்பதால் பாய்வள்ளையின் வேரும் அப்போது தானாகவே குறுகிவிடுகிறது. மேலேறுவதற்கு ஏற்ற உடலமைப்பு, மேலேறும் பருவத்திலேயே அதற்குக் கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் இலை பாய்க்காகவே எழுந்து நிற்கப் பழகியதா?

இல்லை, இங்கேதான் இரண்டாவது விதி முக்கியமாகிறது. நண்பகலில் இலையைச் செங்குத்தாக்குவது பல செடிகளில் உள்ள பழக்கம். அவரைக் குடும்பத்துச் செடிகள் பல, இலைக்காம்பின் அடியில் உள்ள புடைப்பில் நீர் அழுத்தத்தை மாற்றி, கடும் வெயிலில் இலைத்தளத்தைக் கதிருக்கு இணையாகத் திருப்பிக்கொள்கின்றன. அளவுக்கு மீறிய ஒளி ஒளிச்சேர்க்கைக் கருவியையே சிதைத்துவிடும் என்பதே காரணம். திருவான்மியூர்க் கடற்கரையில் அடும்பின் இலைகளும் நடுநரம்பை ஒட்டி மேல்நோக்கி மடிந்து நிற்பதைக் காணலாம். பாய்வள்ளையின் முன்னோரும் வெயிலிலிருந்து தப்பிக்கவே இலையை நிமிர்த்தியது. அந்த நேரத்தில் கடற்காற்று வீசுவது தற்செயல்.

ஆனால் அந்தத் தற்செயல் ஒவ்வொரு பிற்பகலும் திரும்பத் திரும்ப நடந்தது. இலையைச் சற்று உயரமாக, சற்று நீண்ட நேரம் நிமிர்த்திய செடிகள் மேலே நகர்ந்து, வெள்ளக் காலத்தில் கடலுக்கு வெகு தொலைவில் இருந்தன. மற்றவை முகத்துவாரத்தருகே இருந்து கடலுக்குப் போயின. அதற்குப் பிறகுதான் இயற்கைத் தேர்வு இலையைப் பாயாகவே செதுக்கத் தொடங்கியது. ஒரு வேலைக்காக வந்த பண்பு வேறொரு வேலைக்குப் பயன்படுவதை ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் விர்பாவும் 1982இல் தனிக் கருத்தாக வரையறுத்தார்கள். பரிணாமத்தில் நம்மை வியக்கவைக்கும் அமைப்புகளுக்கு முன்கதை தேடினால், பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இலைகள் நிற்பதால், கொடி எந்தப் பக்கம் திரும்பினாலும் சில இலைகளாவது முழுப் பரப்பையும் காற்றுக்குக் காட்டும்.

மேல்காற்று வீசும் மாதங்களில் கடலுக்குத் தள்ளப்படாதா?

நியாயமான கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும். கடற்காற்று பிற்பகலில்தான் உள்ளே வரும். மேல்காற்று வலுத்த நாளில் அது இன்னும் தாமதமாகும். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் பெரும்பாலும் அவைதான். காலையில் பாய்வள்ளையின் இலை நீர்மேல் படிந்து கிடப்பதால் மேல்காற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. நண்பகலுக்குப் பின் இலை எழும், கடற்காற்றும் வரும். காலையில் கொஞ்சம் கிழக்கே, பிற்பகலில் நிறைய மேற்கே என்று கணக்கு மேற்குக்கே சாதகமாக முடியும். கடற்காற்று வராத நாளில் செடி நஷ்டப்படத்தான் செய்யும்.

வெள்ளம் வரும்போது என்ன செய்யும்?

எந்தப் பாயும் அடையாற்று வெள்ளத்தை எதிர்த்து நிற்காது. அப்போது பிடித்துக்கொள்வதுதான் வழி. ஐபோமியாவின் பல இனங்கள் சுற்றிப் படரும் கொடிகள். கரையில் இருந்தபோது வேலிகளைச் சுற்றிய அந்தப் பழைய பழக்கத்தைப் பாய்வள்ளை இழந்துவிடவில்லை. செப்டம்பர் கடைசியில் அதன் தண்டு நுனிகள் மெலிந்து நீண்டு, கரையோரச் சம்பையும் கோரையையும் நாணலையும் சுற்றிக்கொள்ளத் தொடங்கும்.

மழை வருவதற்கு முன்பே அதற்குக் காலம் எப்படித் தெரிகிறது? பகலின் நீளத்தால். சென்னையில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேர வேறுபாடுதான். ஆனால் நம் பாரம்பரியச் சம்பா நெல் வகைகள் இதை உணர்ந்துதான் கதிர்விடுகின்றன. ஐபோமியாவிலும் இந்த உணர்வு கூர்மையானது. ஜப்பானிய மார்னிங் குளோரியின் வயலட் என்ற ரகம், தொடர் வெளிச்சத்தில் வளர்த்த நாற்றாக இருந்தாலும், 16 மணி நேர இருள் ஒரே ஒருமுறை கிடைத்ததும் பூக்கத் தயாராகிவிடும். பாய்வள்ளையில் இரவு நீள்வது பூக்கவும் சொல்கிறது, பிடித்துக்கொள்ளவும் சொல்கிறது.

பிடிமானம் தாங்காத வெள்ளத்தில் கொடி கணுக்களில் முறியும். கரைப்பக்கம் எஞ்சிய ஒரு கணு போதும், ஜனவரியில் மீண்டும் துளிர்க்கும். வள்ளைக்கீரையை ஒரு கணுவிலிருந்தே வளர்த்துவிடலாம் என்பது கீரை பயிரிடுவோர் அனைவரும் அறிந்தது.

பூவும் விதையும் எப்போது?

அக்டோபரில் பூ, ஜனவரியில் விதை. ஐபோமியா விதைகளின் தோல் கடினமானது. மணலில் உரசித் தேய்ந்தால்தான் எளிதில் நீர் உள்ளே போகும். வெள்ளத்தில் மணலோடு உருண்ட விதை அடுத்த பருவத்தில் முளைக்கும். உருளாதது சேற்றில் காத்திருக்கும். சேற்றுக்குள் விதைகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு, சீனாவில் வற்றிய ஏரி ஒன்றின் படிவிலிருந்து எடுக்கப்பட்டு முளைத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டு பழமையான தாமரை விதையே சாட்சி.

உப்புநீரைத் தாங்குமா?

ஓரளவு. ஆகாயத்தாமரை லிட்டருக்குச் சுமார் 6 முதல் 8 கிராம் உப்பிலேயே மடிந்துவிடும். கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம். வெள்ளத்தோடு கடலுக்குப் போன ஆகாயத்தாமரை நம் கடற்கரைகளில் காய்ந்து ஒதுங்குவது அதனால்தான். அடும்பின் உறவில் வந்த பாய்வள்ளை, திரு.வி.க. பாலத்தடியில் ஏறி இறங்கும் கலப்பு நீரில் சில நாள்கள் பிழைக்கும், கடலில் பிழைக்காது.

காலப்போக்கில் நீர்ப்பாசி அளவுக்குச் சிறிதாகிவிடாதா?

மிதக்கும் செடிகள் சில அப்படித்தான் ஆகியிருக்கின்றன. உல்ஃபியா என்ற செடி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, வேரே கிடையாது. பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறியது அதுதான். அதன் உறவான ஸ்பைரோடெலாவின் மரபணுத் தொகுதியை 2014இல் முழுமையாகப் படித்தபோது 20,000க்கும் குறைவான மரபணுக்களே இருந்தன. தேவையற்றதை இழப்பதும் பரிணாமம்தான். ஆனால் அவை தேங்கிய நீருக்கு உரியவை. பாய்வள்ளைக்கு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் இலை வேண்டும். அது சிறிதானால் காற்று கைவிட்டுவிடும்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?

அடையாற்றின் வயது மட்டும் போதாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சோழமண்டலக் கரை வெகு கிழக்கே இருந்தது. கடல் இன்றைய நிலையை நெருங்கி ஏழாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பதால், இன்றைய முகத்துவாரம் மிக இளையது. பாய்வள்ளையின் பரிணாமம் ஓர் ஆற்றுக்குள் முடங்கியதல்ல. பருவமழையை நம்பிக் கிழக்கே ஓடும் சிறு ஆறுகளின் வரிசை முழுவதும், பல லட்சம் ஆண்டுகளாக, கரை முன்னும் பின்னும் நகர நகரக் கூடவே நகர்ந்து நடந்தது.

இனங்கள் பிரிவதற்கும் வழி இருந்தது. பாலாறு ஒரு காலத்தில் இன்றைய கொசஸ்தலையாற்றின் பக்கமாக ஓடிக் கடலில் கலந்தது என்பதற்குப் புவியியலாளர்கள் பழைய ஆற்றுத்தடங்களைச் சான்றாகக் காட்டுகிறார்கள். இப்படி ஓர் ஆறு தடம் மாறும்போது அதில் வாழும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, நெடுங்காலம் கலக்காமல் போனால் இரண்டு இனங்களாகிவிடும். பாலாற்றுப் பாய்வள்ளை மணல் மிகுந்த ஆற்றுக்கேற்ப நீண்ட வேரோடும், அடையாற்றுப் பாய்வள்ளை குட்டை வேரோடும் இருப்பதாகக் கொள்கிறேன்.

ஆகாயத்தாமரையைப் போல இதுவும் ஏரிகளை மூடிவிடுமா?

ஆகாயத்தாமரை இங்கு இவ்வளவு கட்டுக்கடங்காமல் போனதற்கு ஒரு காரணம், அதைத் தின்னும் பூச்சிகள் அதனோடு வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் அழகுக்காக நுழைந்த செடிக்கு எதிராக 1936இல் அங்கே சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதன் தாயகத்து எதிரிகளான நியோகெட்டினா கூன்வண்டுகள் 1980களில்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. பாய்வள்ளை இந்த மண்ணிலேயே தோன்றியது என்பதால் அதன் எதிரிகளும் கூடவே தோன்றியிருக்கும். சர்க்கரைவள்ளி இலையைச் சல்லடையாக்கும் ஆமை வண்டுகளும், அதே கொடியில் மேயும், வாலில் கொம்புள்ள பெரிய புழுக்களும் இதையும் விட்டுவைக்காது. ஆனால் எதிரிகள் இல்லாத வேறொரு நாட்டுக்கு யாரேனும் அழகுக்காக இதைக் கொண்டுபோனால், ஆகாயத்தாமரை இங்கே செய்ததை இது அங்கே செய்யும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கழிவுநீரைச் சுத்தப்படுத்துமா?

எந்த மிதவைச் செடியும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சும். ஆனால் செடியை அள்ளி வெளியேற்றாவிட்டால், அது அழுகும்போது எடுத்ததையெல்லாம் நீருக்கே திருப்பித் தந்துவிடும். அழுகலே நீரின் ஆக்சிஜனையும் குடித்துவிடும். கழிவுநீரை ஆற்றில் விடாமல் தடுப்பதற்கு எந்தச் செடியும் மாற்று ஆகாது.

கொசு பெருகுமா?

பெருகக்கூடும். மேன்சோனியா கொசுவின் புழுக்கள் நீர்மட்டத்துக்கு வராமலே, மிதவைச் செடிகளின் வேரில் குழாயைக் குத்தி அங்குள்ள காற்றை உறிஞ்சி மூச்சுவிடுகின்றன. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புபவை அவை. காற்றறைகள் நிறைந்த பாய்வள்ளை வேர் அவற்றுக்கு நல்ல இடம். இலைகளின் மேல் நடமாடும் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் இன்றைக்குப் பள்ளிக்கரணையில் மேய்வதைப் போல இங்கும் மேயும்; ஆனால் அவை கொசுவை ஒழித்துவிடும் என்று சொல்ல முடியாது.

தடுப்பணைகளும் ஏரிக் கலங்கல்களும் குறுக்கே இருந்தால் மேலேறுவது நின்றுவிடாதா?

காற்றினால் ஏறுவது நின்றுவிடும். தடுப்பணைக்குக் கீழே கூட்டம் தேங்கி நெருங்கும்; மேலே உள்ள கூட்டம், கீழிருந்து வரத்து இல்லாமல், ஒவ்வொரு வெள்ளத்திலும் மெலிந்துகொண்டே போகும். அங்கே உயர்ந்த இலைக்கு இனி லாபம் இல்லை. இறுகப் பிடித்துக்கொள்ளும் தண்டுக்கே லாபம். சில ஆயிரம் தலைமுறைகளில் அணைக்கு மேலே உள்ள கூட்டம் பாயைக் குறுக்கிக்கொண்டு வேறு செடியாக மாறத் தொடங்கும்.

அதுவரை இரண்டையும் இணைப்பவை பறவைகள்தான். சார்லஸ் டார்வின் ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்து ஆறு மாதம் மூடிவைத்து, முளைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார்; 537 செடிகள் இருந்தன. நீர்ப்பறவையின் காலில் ஒட்டும் சேற்றுக்கு எவ்வளவு விதைகளைச் சுமக்கும் ஆற்றல் இருக்கும் என்பதைக் காட்டவே அவர் இதைச் செய்தார். அடையாற்று முகத்துவாரத்தில் மேய்ந்துவிட்டுச் செம்பரம்பாக்கத்துக்குப் பறக்கும் ஒரு வாத்தின் காலில் பாய்வள்ளையின் ஒரு விதை ஒட்டியிருந்தால் போதும். அணைக்கு மேலே உள்ள கூட்டத்துக்குள் கீழ்க்கூட்டத்தின் மரபணுக்கள் போய்ச் சேர்ந்துவிடும், இரண்டும் தனித்தனி இனங்களாகப் பிரிவதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.